எட்டரைத் திருகு

கிரான் பக்கம் ஆற்றைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்க
ஆயிரத்து நாநூறு மண்மூட்டை பிடித்தது.
மதிப்பீட்டில் எழுநூறு.
மதிப்பீடு எழுதியவள் நான்தான்.

ஆவணிக் கச்சான் சீமெந்துத் தூளை
கண்ணுக்குள் கொண்டுவந்து கொட்டும்.
இரண்டு பம்பு இராப்பகலாய் இருமிக்
கிடங்கைக் காயவைத்தாலும்
விடிகிறபோது முழங்கால் தண்ணீர் திரும்பிவந்து
ஒன்றும் நடக்காததுபோல் படுத்திருக்கும்.
"ஊத்து, மிஸ்" என்றான் பம்புக்காரக் கோணேசன்.
"இது ஆத்துத் தண்ணி இல்ல, நிலத்துத் தண்ணி.
அதுக்கு உங்கட பிளான் தெரியாது."

கதவை ஏறாவூரிலிருந்து
லான்மாஸ்டரில் கொண்டுவந்தார் ஒட்டுவேலை மீராமுகைதீன்.
இறக்குமுன் குந்தியிருந்து
சட்டத்துக்கும் கதவுக்கும் இடையில்
பீடிக்கட்டுக் கடதாசியைச் செருகினார்.
நுழைந்தது.
பேசாமல் வண்டியைத் திருப்பினார்.
மூன்று நாள் கொந்துறாத்துக்காரர்
அவரைத் திட்டாத திட்டில்லை.
நாலாம் நாள்
கடதாசி வெளியே நின்றது.

கொங்கிறீட் போட்ட இரவு காலமில்லாத மழை.
தறப்பாள் போதவில்லை. இருட்டில் யாரோ
சாரத்தை அவிழ்த்து விரித்தார்கள்.
விடியப் பார்த்தால் தொட்டியின் மேல்விளிம்பில்
சாரத்தின் கட்டம் கட்டமாய்ப் பதிந்து கிடக்கிறது.
'மேற்பரப்பு திருப்தி' என்று எழுதினேன்.

புரட்டாசி கடைசியில் மூட்டைகளை எடுத்தோம்.
முழுக்கத் திறக்க எட்டரைத் திருகு.
முதல் திருகுக்கு ஒரு மூச்சுச் சத்தம்.
இரண்டுக்குத் துருத் தண்ணீர்.
மூன்றில் குழாய்க்குள் ஏதோ புரண்டு
வாய்க்காலில் வந்து விழுந்தது
கோணேசன் ஆடியில் தொலைத்த ஒற்றைச் செருப்பு.
எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு சிரிப்பு நின்றது.
மேல்கண்டத்தார் ஒரு கரையில்,
கீழ்கண்டத்தார் மறு கரையில்.
ஒருவரும் தண்ணீரைப் பார்க்கவில்லை.
என் கையிலிருந்த திருகுபிடியைப் பார்த்தார்கள்.

வரைபடத்தில் எல்லாம் இருந்தது:
கம்பியின் தடிப்பு, அடிமட்டம், குழாயின் சாய்வு.
கையளிப்புப் படிவத்தில் மட்டும் ஒரு வெற்றுக்கோடு,
'திருகுபிடி யார் பொறுப்பில்'.
வட்டவிதானை தொண்டையைச் செருமினார்.
இன்னொருவரும் செருமினார்.

நாலேகாலில் நிறுத்தி,
பிடியைக் கழற்றி,
பேனையை மூடினேன்.

மட்டக்களப்பு பஸ்ஸில் அது என் மடியில்,
செங்கலடி தாண்டியும் ஈரமாய்.
"என்ன பிள்ளை, மெசின் சாமானா?"
பக்கத்துச் சீட்டுக்காரி கேட்டாள்.
"கதவுப் பிடி" என்றேன்.
"அப்ப கதவு?"
"அங்க நிக்கிது, அக்கா.
பாதி திறந்தபடி."