கவலை கிலோ அறுபது

மாடிவீட்டு வங்கி அதிகாரிக்கு
நாக்பூருக்கு மாற்றல் வந்தது.
பீரோ போனது, ஏசி போனது,
துளசித் தொட்டிகூட லாரியில் ஏறியது.
"ஒரு வாரம்தான் மேடம்" என்று
கயிற்றை என் கையில் கொடுத்தார்.
கயிற்றின் மறுமுனையில் புரூனோ.
கூடவே
அரை பாக்கெட் உருண்டைத் தீனி.

ஐந்தாம் நாள் பாக்கெட் தீர்ந்தது.
மஞ்சக்குப்பத்தில் விலை கேட்டேன்.
மூன்று கிலோ, எழுநூற்று எண்பது.
எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான்:
பக்கத்துக்கு ரெண்டு ரூபாய்.
முந்நூற்றுத் தொண்ணூறு பக்கம்.
திங்கட்கிழமை மனுவோடு வருகிறவர்கள்
பட்டா, சிட்டா, இறப்புச் சான்று என்று
என் ஜெராக்ஸ் மெஷினைச் சூடாக்கினாலும்
பேப்பரும் டோனரும் கரண்டும் போக
கையில் நிற்பது
ஒரு நாயின் ஒரு வாய்.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர்
மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதித் தந்தார்.
வெங்காயம் கூடாது. பூண்டும்.
உப்பு வேண்டாம்.
வெந்த கோழி எலும்பு தொண்டையில் குத்தும்,
சதையை மட்டும் உருவிப் போடணும்.
முட்டை ஓட்டை வறுத்து இடித்து
ஒரு சிட்டிகை.
அடிக்கோடிட்டுக் கடைசி வரி:
ஈரல் ஆசைக்கு மட்டும்.
அந்தச் சீட்டை ரெண்டு நகல் எடுத்தேன்.
தொழில் பழக்கம்.

ரேஷன் அரிசி இருக்கிறது.
பரங்கிக்காய் கீற்று பத்து ரூபாய்.
கவுஸ் பாய் கடையில்
"வீட்டுக்கா, நாய்க்கா" என்று கேட்பார்,
நாய்க்கென்றால் கழுத்துத் துண்டு பாதி விலை.
ஒருமுறை எங்களுக்கும் சேர்த்து
நாய்க்கு என்றேன்.
என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல்
ஒரு கைப்பிடி கூடப் போட்டார்.

மீன் என்றால் முதுநகர் துறைமுகம்.
மலிந்த நாளில் கவலை கிலோ அறுபது.
எங்கள் கடற்கரையில் அந்த மீனுக்கு
அந்தப் பெயர் வைத்தது யாரோ.
கவலை வேணுமா, கவலை
என்று கூடைக்காரி கூவும்போது
வீட்டில் இருக்கிறதென்று சொல்ல
வாய்வரை வந்தது.
அரைக்கிலோ வாங்கினேன்.
குக்கரில் அஞ்சு விசில் விட்டால்
முள் விரலிடுக்கில் மாவாகிறது.

முதல் நாள் தட்டை மோந்துவிட்டு
என்னைப் பார்த்தது,
கையெழுத்தில்லாத மனுவைத்
திருப்பித் தரும் கிளார்க் மாதிரி.
ரெண்டு நாள் பட்டினி கிடந்தது.
மூன்றாம் நாள் ராத்திரி
குப்பையில் போட எடுத்த காலி பாக்கெட்
கையில் சலசலத்தது.
ஓடிவந்து நின்றது, இடுப்போடு வாலாட்டி.
அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.
இடக்கையால் பாக்கெட்டைக் கசக்கிக்கொண்டே
வலக்கையால் சோற்றைத் தள்ளினேன்.
தின்றது.
தட்டு சுவரில் போய் முட்டும்வரை நக்கியது.

மாசக் கடைசியில் ஒரே குக்கர்தான்.
அதன் பங்கை முதலில் எடுத்து ஆறவைத்துவிட்டு
மிச்சத்தில் வெங்காயம், உப்பு, மிளகாய்த்தூள்.
சிப்காட்டிலிருந்து
சட்டையில் மருந்து வாடையோடு வரும் தெய்வீகன்,
என் வீட்டுக்காரர், பெயர்தான் அப்படி,
செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்:
"சாமிக்குப் படைச்சாச்சா?"
அலமாரியில் இருக்கும் சாமிக்கு
இத்தனை ஒழுங்காக நான் படைத்ததில்லை.

ஐந்தாம் மாதம் நாக்பூரிலிருந்து போன்.
குவார்ட்டர்ஸில் நாய்க்கு அனுமதி இல்லையாம்.
கொஞ்சம் இருமிவிட்டு,
"அதே பிராண்ட்தானே போடுறீங்க?
வேற எதுவும் அதுக்கு ஒத்துக்காது" என்றார்.
பாக்கெட் கையில்தான் இருந்தது,
ரெண்டு இடத்தில் செல்லோடேப் ஒட்டி.
"அதே பாக்கெட்தான் சார்."
பொய் இல்லை.

போனை வைத்தபோது குக்கர் கூவியது.
பாக்கெட்டை நான் அசைக்கவே இல்லை.
அது எழுந்து, உடம்பை ஒருமுறை உதறி,
அடுப்படி வாசலில் போய் உட்கார்ந்தது.
இன்னும் நாலு இருக்கு, இரு என்றேன்.
எண்ணத் தெரியாது அதற்கு.
ஒவ்வொரு விசிலுக்கும்
எழுந்து நின்றது.