பேட்ச் எண் நாற்பத்தேழு

கல்லூரியில் இளஞ்சிவப்பு
முப்பது நொடி நின்றால் போதும்.
பியூரெட்டின் கடைசிச் சொட்டு விழுந்ததும்
கூம்புக் குடுவையைச் சுழற்றி
வெள்ளை ஓட்டின் மேல் வைத்து
மூச்சைப் பிடித்தபடி பார்ப்போம்.

கப்பலூரில் இளஞ்சிவப்பு
இரண்டு வருடம் நிற்க வேண்டும்.
பாட்டிலில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது.

ஒன்றரைக்கு வகுப்பு முடியும்.
பெரியார் நிலையத்தில் திருமங்கலம் பஸ்,
முகத்தில் பிங்க் பூசிய, காசு கேட்காத பஸ்.
மடியில் ரெக்கார்டு நோட்டு, அதன் மேல் டிபன் பாக்ஸ்.
பழங்காநத்தம் தாண்டும்போது புளிச்சோறு,
பரங்குன்றத்து மலை தெரியும்போது கை துடைப்பு,
திருநகரில் தூக்கம்.
கண்டக்டர் விசிலால் கம்பியைத் தட்டுவார்:
'ஏம்மா பினாயிலு, எறங்கலையா?'

கம்பெனிக்குப் பெயர் பெரிது.
உள்ளே ஆறு நீல டிரம், ஒரு மோட்டார்,
மோட்டார் நின்றால் ஒரு துடுப்பு.
வருகைப் பதிவேட்டில் நான்
'ஒ. சினேகலதா, பி.எஸ்சி., கெமிஸ்ட்.'
'இன்னும் மூணு செமஸ்டர் இருக்கே அண்ணே' என்றேன்.
நாகூர்மீரான் அண்ணன் பேனாவை மூடினார்.
'அதுக்குத்தானே முழுச் சம்பளம் போடலை.'

நாளுக்கு இருநூற்று முப்பது.
மூடி திருகும் பஞ்சவர்ணத்துக்கு முன்னூறு.
'கெமிஸ்ட்டவிட நாந்தேன் பெருசு' என்பாள்,
மூடி எண்ணுவதை நிறுத்தாமல்.

ஆய்வகத்தில் பத்தில் ஒரு மில்லி பிசகினால்
மதிப்பெண் போகும்.
இங்கே அளவை, கைப்பிடி உடைந்த சிவப்பு மக்.
வந்த முதல் வாரமே அதன் கொள்ளளவைப் பார்த்துவைத்தேன்:
ஆயிரத்து நாற்பது.
இதுவரை யாரும் கேட்கவில்லை.
இரண்டு இடத்திலும் ஒன்றுபோல் இருந்தது
ஒரே ஒரு வாக்கியம்தான்:
தண்ணியில ஆசிட், ஆசிட்டுல தண்ணி இல்ல.
எனக்கு முன்னால் இருந்த எவனோ
கரியால் சுவரில் எழுதிவிட்டுப் போயிருக்கிறான்,
ஆசிட்டுக்கு ஒரு 'ட்' குறைவாக.

நாற்பத்தேழாம் பேட்ச் அன்று
மறுநாள் எனக்குப் பரீட்சை.
தலைக்குள் வினைவேகச் சமன்பாடு ஓட, கை
பைன் எண்ணெயை இரண்டு தடவை ஊற்றிவிட்டது.
அண்ணன் முகர்ந்தார்.
நாலு தும்மல்.
இரண்டு நாள் சம்பளத்தைக் கழித்தார்.
பாட்டில்களை மட்டும் கழிக்கவில்லை, விற்றார்.

மூன்று வாரம் போய்,
செய்முறைத் தேர்வுக்கு உள்ளே நுழைகிறேன்,
அதே வாசனை.
அப்போதுதான் தரை துடைத்திருந்தார்கள்.
ஈரம் காயாத என் தப்பின் மேல்
நாற்பது பேர் செருப்பில்லாமல் நடந்தோம்.
வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர்
கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை.

'பால்மம். ஒரு உதாரணம் சொல்லு.'
எனக்கு முன்னால் ஏழு பேர் பால் என்றார்கள்.
நான் பினாயில் என்றேன்.
'தண்ணி படுற வரைக்கும் தெளிவா இருக்கும் சார்,
பட்டதும் வெளுக்கும்.
சோப்பு குறைஞ்சா எண்ணெய் மேல வந்து நிக்கும்,
டிரம்மை மறுபடி கலக்கணும்.'
'எந்தப் புத்தகம்?'
'கப்பலூர், சார்.'
என்னவோ எழுதிக்கொண்டார்.
மதிப்பெண்ணா, ஊர்ப் பெயரா, தெரியாது.

அன்று பதற்றத்தில் பியூரெட் முனையும் உடைந்தது.
உடைசல் கட்டணம் நானூற்று அறுபது.
அங்கே இரண்டு நாள், இங்கே இரண்டு நாள்.
கணக்கு மட்டும் எனக்கு எப்போதும்
துல்லியமாகச் சமனாகிவிடுகிறது.

இரவு எட்டரைக்குத் திரும்பும் பஸ்.
பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைச் சுருக்கி
பின் சீட்டுக்குப் போனாள்.
சன்னல் முழுக்க எனக்கு.
விளக்கொளியில் விரல்களைப் பிரித்துப் பார்த்தேன்,
நகக்கண்களில் ரோஸ் சாயம்.
முப்பது எண்ணினேன்.
போகவில்லை.
இவ்வளவு அடர்ந்தால், ஆய்வகத்தில்,
குடுவையைக் கொட்டிவிட்டு
முதலிலிருந்து தொடங்கச் சொல்வார்கள்.

நான் ரெக்கார்டு நோட்டைத் திறந்து
நாளைய அட்டவணைக்குக் கோடு போட்டேன்,
பஸ் குலுங்கிய இடத்தில் எல்லாம்
கோணலாக.