சுருங்கிய ஐந்நூறு

பாலிமர் நோட்டு தண்ணீருக்குப் பயப்படாது.
சட்டையோடு துவைத்தாலும்
முகம் கழுவிக்கொண்டு வந்த மாதிரி வரும்.
சூடுதான் ஆகாது.

ஃபொரெஸ்ட் சைடு ஆலையில் ஒரு சனிக்கிழமை
என் சட்டையை நானே ஸ்டீம் பிரஸ்ஸில் வைத்து அழுத்தினேன்.
பையில் ஐந்நூறு.
எடுத்தபோது தீப்பெட்டிப் படம்.

எதுவும் தொலையவில்லை.
முகம் இருந்தது. வரிசை எண் இருந்தது.
ஆங்கிலம், தமிழ், இந்தி
எறும்பு படிக்கிற அளவில்
ஒன்றன்கீழ் ஒன்றாக அப்படியே இருந்தன.

திருப்பூரில் ஒன்பது வருஷம்
துணியில் ஐம்பது சென்டிமீட்டர் கோடு போட்டு
துவைத்து உலர்த்தி மறுபடி அளந்தவன் நான்.
ஐந்து சதம் வரை பொறுப்போம்,
அதற்குமேல் சுருங்கினால் சரக்கு ரிஜெக்ட்.
பழக்க தோஷம், டேப்பை எடுத்து இதையும் அளந்தேன்.
என் கையெழுத்துக்கு இது தேறாது.

போர்ட் லூயியில்
கெட்ட நோட்டு வாங்கும் கவுன்ட்டர்.
முன்னால் ஓர் அம்மாள்
பால்பவுடர் டப்பாவிலிருந்து எதையோ கரண்டியால் அள்ளி வைத்தாள்.
கரையான் பாதி, பணம் பாதி.
கவுன்ட்டர்ப் பெண் கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டை
ஒவ்வொரு துண்டின்மேலும் வைத்து
மிச்சமிருக்கிற கட்டங்களை எண்ணினாள்.
பாதிக்குமேல் இருந்தால் பணம்.
கீழே இருந்தால் அனுதாபம்.

அடுத்து சூப்பையா என்பவர், பிளாஸ்டிக் உறையில் ஒரு பழைய நூறு.
தொண்ணூற்றெட்டில் வந்தது.
தமிழுக்கு முன்னால் இந்தி ஏறிவிட்டதென்று
சண்டை கிளம்பி, வந்த வேகத்தில் திரும்பிப்போன தாள்.
ஒரு மடிப்பில்லை.
"எவ்வளவு தருவீங்க?"
"நூறு" என்று கிரியோலில் சொன்னாள்.
அவர் சிரித்துக்கொண்டே உறையை மூடினார்.
தப்பாக அச்சடித்ததற்குத்தான்
வெளியே விலை ஏறுகிறதாம்.

என் முறை.
நோட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"அத்தான்" என்றாள்.

எனக்குக் காது சூடாகிவிட்டது.
இங்கே அதற்கு "பொறு" என்று அர்த்தம்.
ஆறு மாதமாகத் தெரியும்.
தெரிந்தும் ஒவ்வொரு முறையும்
உள்ளே யாரோ வேட்டியைச் சரிசெய்துகொள்கிறான்.

தகடு உதவவில்லை.
பரப்பில் பாதிகூட இல்லை,
ஆனால் இல்லாத கட்டம் என்று ஒன்றும் இல்லை.
லென்ஸை எடுத்தாள். மூலையில் இருந்ததைத் தொட்டாள்:
௫௱

"இது என்ன?" நான்தான் கேட்டேன்.
பிளஸ் டூ வரை தமிழ் மீடியம்.
ஐந்து என்று ஒரு விரலை வைத்தாள்,
நூறு என்று இன்னொன்றை.
தமிழில் அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்,
நோட்டில் உள்ளது மட்டும்.
"நூரு" என்றாள்.
திருத்த வாயெடுத்து மூடிக்கொண்டேன்.
தெரியாதவன் நான்.

பெயர்ப்பட்டையில் தேவியானி மூட்டூக்கர்பென்.
மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தபிறகு
முத்துக்கருப்பன் எழுந்து நின்றார்.
எந்தச் சூட்டில் இப்படி ஆனாரோ.
எழுத்தெல்லாம் ஏறக்குறைய இருந்தது.

மேலதிகாரி முசியே லி வந்தார்,
நோட்டை வெளிச்சத்தில் பிடித்தார்,
வாட்டிய அப்பளத்தை வளைப்பதுபோல் வளைத்தார்.
இருவரும் கிரியோலில் வெகுநேரம் பேசினார்கள்.
"முழுசு" என்பது மட்டும் எனக்குப் புரிந்தது,
அதுகூட அவர் கையை விரித்த விதத்தில்.

புது ஐந்நூறு.
அது எனக்கு ஒரு சைஸ் பெரிதாகப் பட்டது.
ரசீதில் கையெழுத்துப் போட்டேன்.
பழையதில் ஓட்டை குத்தி டப்பாவில் போட்டாள்.
கேட்டு வாங்கியிருக்கலாம், தோன்றவில்லை.

பஸ்ஸில் கண்டக்டரிடம் நீட்டினேன்.
மேலும் கீழும் பார்த்தார்.
நல்ல நோட்டு, முழு நோட்டு,
ஆனால் சில்லறை இல்லை.

"அத்தான்" என்றார்
மீசையைத் தடவிக்கொண்டு.