பதினொரு தரிப்பு

கோவா இறாத்தல் எழுபத்தொன்பது சதம் என்று
வியாழக்கிழமைத் துண்டுப்பிரசுரம் சொன்னது.
வினிப்பெக்கில் அன்றைக்கு மைனஸ் முப்பத்தொன்று.
இருந்ததில் பாரமானதை எடுத்தேன்,
விரலால் தட்டிப் பார்த்து.
தேங்காய்க்குத் தட்டுகிற பழக்கம்,
கோவா ஒன்றும் சொல்லாது என்று தெரிந்தும்.
மூன்று இறாத்தல் சொச்சம்.
இரண்டு டொலர் நாற்பத்தைந்து.
பைக்கு இன்னும் பதினைந்து சதமாம்.
வேண்டாம் என்று
ஜக்கெற்றுக்குள் வைத்து சிப்பை இழுத்தேன்.
உறைந்த கோவா இளகினால் கஞ்சி,
வறைக்கு ஆகாது.

மக்பிலிப்ஸ் தெருவில் பஸ் வந்தது.
ஒரு கையால் கம்பியையும்
மறு கையால் கோவாவையும் பிடித்தபடி நின்றேன்.
பள்ளிக்கூடப் பை மாட்டிய பிள்ளையொருத்தி
என் முகத்தைப் பார்க்கவில்லை,
நேரே அங்கேதான் பார்த்தாள்.
சட்டென்று எழும்பி இடம் தந்தாள்.

இல்லை பிள்ளை, இது கோவா என்று
சொல்லியிருக்கலாம்.
அவ்வளவுக்கு ஆங்கிலம் எனக்கு வரும்.

இருந்தேன்.
பக்கத்துக் கிழவர் காலை ஒடுக்கினார்.
பதினொரு தரிப்பு.
ஒருமுறை பஸ் குலுங்கியபோது
என் கை தானாக
அதன் கீழே போனது.

நிலக்கீழ் வீடு. யன்னலில் பாதிக்குப் பனி.
மேலிலை நான்கை உரித்தேன்.
கத்தி நடுவில் இறங்க
கிறீச்சென்றது.
உள்ளே ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு
எத்தனை மடிப்பு,
வெளிச்சமே படாத வெள்ளை.
பாதியைப் பொலித்தீனில் சுற்றி
பிரிட்ஜில் வைத்தேன். செவ்வாய் மட்டும் காணும்.
மற்றதை நூல்நூலாக அரிந்தேன்.

இரும்புத் தாச்சி
பழஞ்சாமான் கடையில் ஆறு டொலர்.
முதல் மாதம் முழுக்க
யாரோ பொரித்த பன்றியிறைச்சி மணந்தது.
இப்போது அதற்கு எங்கள் மணம்.
கடுகு வெடித்தது, செத்தல் கறுத்தது,
புகைமணி கத்தத் தொடங்கியது.
கதிரையில் ஏறி
துண்டுப்பிரசுரத்தால் விசிறினேன்,
எழுபத்தொன்பது சதம்
மேலும் கீழும் பறந்தது.
மேல்வீட்டு ஹலீனா
தும்புத்தடியால் இரண்டு குத்து.
பிறகு போனில் ஒரேயொரு சொல்:
கோவாவா?
ஓம் என்று எழுதினேன்.
பெருவிரல் ஒன்றை அனுப்பினாள்.

கறிவேப்பிலை இல்லை,
ஒரு பிடி மூன்று டொலர், கோவாவைவிட விலை.
வெங்காயம், மஞ்சள், உப்பு.
தண்ணீர் ஒரு சொட்டும் விடவில்லை,
அதற்குள் இருக்கிறது அதற்குக் காணும்.
மலைபோலக் குவிந்தது
ஐந்து நிமிடத்தில் தாச்சியின் அடிக்கு இறங்கியது.
ஓரம் கொஞ்சம் கருக விட்டேன்.
அடுப்பை நிற்பாட்டின பிறகுதான்
தேங்காய்ப்பூ, உறைபெட்டியிலிருந்து
இரண்டு கைப்பிடி.

சுதேந்திரன் ஒன்பதரைக்கு வந்தார்.
காரின் கியர்ப்பெட்டி போனதிலிருந்து நடைதான்.
காதுமடல் இரண்டும்
செத்தல்மிளகாய் நிறம்.
சோறு, வறை, ஒரு முட்டை பாதி பாதி.
"சீனி கீனி போட்டனீரோ?"
"இல்லை."
"அப்ப என்ன இனிக்குது?"
"கோவாதான்."
பாண் துண்டொன்றை எடுத்து
தாச்சியின் கறுப்பைத் துடைத்துத் தின்றார்.
பஸ்ஸில் நடந்ததை நான் சொல்லவில்லை.
ஆவணியில் ஆஸ்பத்திரியால் வந்த பிறகு
சில சொற்களை
இந்த வீட்டில் நாங்கள் எடுப்பதில்லை.

தாச்சிக்குச் சோப் போடக்கூடாது.
சுடுதண்ணீரில் தேய்த்து, அடுப்பில் காயவைத்து
எண்ணெய் தடவினேன்.
அவர் நித்திரை.
பிரிட்ஜைத் திறந்து ஒருமுறை பார்த்தேன்,
பாதி இருக்கிறது.

நாளைக்கு ஆறரை பஸ்.
கையில் ஒன்றும் இருக்காது.
நின்றுகொண்டுதான் போவேன்.