மூன்று தட்டு

அந்த ஆல்பத்தின் ஏழாவது பாட்டை
யாராவது கடைசிவரை கேட்டிருந்தால்
என்னையும் கேட்டிருப்பீர்கள்.
அட்டையில் என் பேர் இல்லை.
நாற்பத்தோராவது நொடியில் மூன்று தட்டு வருமே,
அது நான்.

பால்டிமோரில் எங்கள் தெரு வீடுகள்
தோளோடு தோள் ஒட்டி நிற்பவை.
இரண்டு குடித்தனத்துக்கும் ஒரே சுவர்.
அவர்கள் வெங்காயம் வதக்கினால்
எனக்குக் கண் எரியும்.

எனக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை.
ஊரார் ரத்தத்தை எல்லாம் வெந்நீரில் தள்ளிவிட்டு
காலை எட்டுக்குத் தலை சாய்ப்பேன்.
எட்டேகாலுக்கு
அந்தப் பக்கம் டிரம் மெஷின் கண் விழிக்கும்.

ஓடெல் பர்விஸ்,
மதியம் வாடகைக் கோர்ட்டில் தரை துடைப்பவன்.
துடைப்பத்தோடு மூலையில் நின்று
ஒரு வழக்குக்கு எத்தனை நொடி என்று எண்ணி வருவான்.
காலையில் அலமாரிக்குள் புகுந்து
குளிர்காலக் கோட்டுகளுக்கு நடுவே நின்று
அந்த எண்களைச் சொல்லுவான்:
பாக்கி முந்நூற்றுப் பதினெட்டு டாலர்,
நாற்பத்தாறு நொடி,
அடுத்து.
வெளியே க்வாம் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருப்பான்.

எனக்கென்ன தெரியும்.
எனக்குத் தெரிந்ததெல்லாம் தூக்கம்.
ஒரு பிப்ரவரிக் காலை
ஷூவைக் கழற்றி
குதிகாலால் சுவரில் மூன்று போட்டேன்.
கூடவே ஒரு வசவு,
மாதா கோயிலில் சொல்ல முடியாதது.

வசவை வெட்டிவிட்டார்கள்.
தட்டை வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் ஓடெல் வாசலில் நின்றான்,
கையில் பீச் பழ டப்பா ஒன்று.
"மிஸ் வெர்லீன், உங்கள் தட்டு நன்றாக விழுந்திருக்கிறது.
எடுத்துக்கொள்ளலாமா?"
எடுத்துக்கொள்,
பத்து மணிவரை என்னைத் தூங்க விடு என்றேன்.
ஒன்பதரைவரை விட்டான்.

பாட்டில் நான் ஷெரீப்பின் ஆள்.
ஒருத்தி பிள்ளைக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கிறாள்,
தட்டுகிறேன்,
தாளம் நின்றுவிடுகிறது.
அதன்பிறகு நடைபாதைக்கு வந்த சாமான்களை மட்டும் சொல்கிறான்:
மெத்தை, மீன் தொட்டி, மீனும்தான்,
ஒற்றைக்கால் இஸ்திரி மேசை.
மீன் என்ன ஆயிற்று என்று சொல்லவில்லை.
பிறகு என் மூன்று தட்டையே
திருப்பித் திருப்பிச் சுழலவிட்டு
அதன்மேல் வீட்டுக்காரர்களின் பெயர்களை வாசிக்கிறான்.
தட்டிக் கேட்க ஆளில்லை என்பார்கள்.
தட்டியது நான்.
கேட்டது அவன்.

"ரசீது இல்லை" என்று பெயர் வைத்தார்கள்.
அறுநூறு கேசட் அடித்தார்கள்.
விற்றது நூற்றித் தொண்ணூறு, அதில் பாதி கடன்.
ரேடியோக்காரன் இரண்டாவது பாட்டை ஒருமுறை போட்டான்,
அதில் ஒரு சிரிப்பு இருந்ததால்.
ஒரு பத்திரிகை நாலு வரி எழுதியது:
பிரசங்கம் அதிகம், ஆட முடியவில்லை.
மிச்சப் பெட்டிகள் க்வாமின் கார் டிக்கியில்
ஜூலை வெயிலுக்கு உருகி
அப்பளம்போல் வளைந்தன.

அடுத்த நவம்பரில்
என் கதவைத் தட்டினார்கள்.
இரண்டே தட்டு. மெதுவாக.
தபால்காரன் என்றுதான் திறந்தேன்.
அதில் தாளமே இல்லை, ஓடெல்,
அந்த இடத்தில் நீ தப்பு.

சொல்ல நேரமில்லை அவனிடம்.
மழைக்கு முன்பாக அவனும் க்வாமும்
என் சோபாவைத் தூக்கிக்கொண்டு
அவர்கள் முன்னறைக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள்.
டிரம் மெஷினை நகர்த்திவிட்டு
அங்கே போட்டார்கள்.
பதினோரு வாரம் அதில் படுத்தேன்,
சுவருக்கு அந்தப் பக்கம்.
காலி வீட்டிலிருந்து யாரும் தட்டவில்லை.
ஒருநாளும் தூக்கம் கெடவில்லை.
அதனால்தான் கோபமோ என்னவோ,
அந்தப் பதினோரு வாரமும்
எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன்.

இப்போது என்னிடம் ஒரு கேசட் இருக்கிறது.
டேப் இழுத்துப் போய்விட்டது.
அவன் குரல் கிழவன் குரலாகிவிட்டது,
மூன்று தட்டும் தள்ளித் தள்ளி விழுகின்றன,
இரவெல்லாம் நின்று வேலை செய்தவள்
கையைத் தூக்க முடியாமல் தட்டுவதுபோல.

இதுதான் சரி.
அன்றைக்கு அப்படித்தான் தட்டினேன்.