மூன்று மணி ஐம்பத்தைந்து நிமிடம்

கடைசிப் பேருந்தைக் கொட்டகையில் விட்டுவிட்டு
பிர்னாவின் காய்ந்த தெருக்களில் நடந்து
வீடு வந்தால்
சமையலறை இருட்டில்
ஒரு சிவப்பு எண் விழித்திருக்கிறது:
மூன்று ஐம்பத்தைந்து.

இரண்டு தட்டு, ஒரு சட்டி,
காலையில் எனக்கு வேண்டிய ரொட்டிப் பெட்டி.
இவற்றைக் கழுவி முடிப்பதற்குள்
பிராகாவுக்கு ரயிலேறி
ஒரு பியர் குடித்துவிட்டுத் திரும்பலாம்.
அரைத்த மாவையே அரைப்பதுபோல்
அலசிய நீரையே அலசுகிறது.
காது வைத்தால்
யாரோ தூக்கத்தில் எச்சில் விழுங்கும் சத்தம்.

கெசினேவுக்கு வேலையே இதுதான்.
டிரெஸ்டன் சோதனைக்கூடத்தில்
தட்டுகளை அழுக்காக்குகிறாள் என் மனைவி.
கீரை இத்தனை கிராம், ஓட்ஸ் கஞ்சி இத்தனை கிராம்,
முட்டையின் மஞ்சளைத் தூரிகையால் பூசி
அடுப்பில் வைத்துக் காயவிடுவாள்.
இவ்வளவு பக்தியோடு
யாரும் ஒரு தட்டைக் கெடுத்ததில்லை.
பிறகு எந்திரம் கழுவியதை
விளக்கின் கீழே தூக்கிப் பிடித்து
ஒட்டிய புள்ளிகளை எண்ணி
மதிப்பெண் போடுவாள்.

"ஏன் இத்தனை நேரம்?"

"சூடாக்கத்தான் மின்சாரம், ஓர்ட்வின்.
சூட்டைக் குறைத்தால் நேரத்தைக் கூட்ட வேண்டும்.
நேரம் இலவசம்."

"யாருடைய நேரம்?"

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவள்.
பல் துலக்கப் போய்விட்டாள்.

குளிர்பெட்டியின் கதை வேறு.
வாங்கியபோது அதன் நெற்றியில்
ஏ, பின்னால் மூன்று கூட்டல் குறி.
பிரஸ்ஸல்ஸில் அளவுகோலை மாற்றினார்கள்.
அதே பெட்டி இப்போது கடையில்
'டி' பட்டையோடு நிற்கிறது.
உள்ளே வெண்ணெய் அதே வெண்ணெய்தான்.
தப்பேதும் செய்யாமல்
வகுப்பு இறக்கப்பட்ட பிள்ளையைப்போல்
நம் வீட்டிலிருப்பதும் இரவில் முனகுகிறது.
தூசி உறிஞ்சியோ மரியாதை கற்றுக்கொண்டது:
கம்பளத்திடம் கெஞ்சிக் கேட்கிறது.
பூனை பயப்படுவதையே விட்டுவிட்டது.

ஆகஸ்டில் எந்திரம் நின்றது.
பழுது எண் இருபத்து நான்கு.
வந்த பையன் முழங்காலிட்டு
கைபேசி வெளிச்சத்தில் துழாவி
ஒரு பிளாஸ்டிக் நாக்கை எடுத்துக் காட்டினான்,
என் சுண்டுவிரல் நகமளவு.
இது தனியாக வராது, பம்போடு வரும்.
பம்பு தனியாக வராது, தொட்டியோடு வரும்.
தொட்டியின் விலைக்குப் புதிதே வாங்கலாம்.
"சுற்றுச்சூழலுக்கும் அதுதான் நல்லது," என்றான்
நாற்பது கிலோ இரும்பின்மேல்
கையை ஊன்றி எழுந்தபடி.

அன்றிரவு சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு
சுடுநீர்க் குழாயை முழுக்கத் திறந்தேன்.
ஆவி! நுரை! ஓசை!
ஐந்து நாள் பாத்திரம், இருபதே நிமிடம்.
வெற்றியோடு திரும்பினால்
கெசினே தண்ணீர் மீட்டர் பக்கத்தில்
பென்சிலோடு நிற்கிறாள்.

"நூற்றுப் பதினான்கு லிட்டர்."

திறந்த ஜன்னல் வழியே
எல்பேயின் சேற்று வாடை வந்தது.
அந்த வாரம் படகு ஓடவில்லை.
ஆற்றின் நடுவில்
பழைய வறட்சிகளின் ஆண்டுகள் வெட்டிய கல்
முதுகைக் காட்டிப் படுத்திருந்தது.
எந்திரம் ஒரு நடைக்கு ஒன்பதரை லிட்டர் குடிக்கும்;
எனக்கும் கணக்குத் தெரியும்.
வாயைத் திறக்கவில்லை.

சட்டைப் பையிலிருந்து
அந்தப் பிளாஸ்டிக் நாக்கை எடுத்து
மேசைமேல் வைத்தேன்.
"இது எத்தனை லிட்டர்?"

புரட்டிப் பார்த்தாள். நகத்தால் வளைத்துப் பார்த்தாள்.
நான் கழுவிய தட்டொன்றை விளக்கருகே தூக்கி
"மூன்று புள்ளி," என்றாள்,
பழக்க தோஷம்.

மறுநாள் காலை நாக்கு மேசையில் இல்லை.
அவள் கோட்டுப் பையில் டிரெஸ்டன் போயிருக்கிறது.
மாலையில் காலணியைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:
படிவம் முழுக்கத் தேடினாளாம்.
அதற்கு மதிப்பெண் போட
அங்கே கட்டம் இல்லையாம்.