கொட்டேஷன்

செவ்வாய்ப்பேட்டை லேத் பட்டறை வாசலில்
இன்றைக்கும் வந்து நிற்கிறாள்
மலாவிக்காரி தோக்கோசானி.
விசா முடிய நாற்பத்தொரு நாள்.

காலேஜுக்கு வந்த கம்பெனிகள்
அவள் பெயரைக் கூப்பிடவே இல்லையாம்.
'வெளிநாட்டவர் நீங்கலாக' என்று
அறிவிப்பின் அடியில் பொடி எழுத்து.

ஆத்தூர் ரோட்டில் மரவள்ளி லாரியைப் பார்த்து
பாதி வழியிலேயே பஸ்ஸை விட்டு இறங்கியவள்.
சினாங்க்வா! எங்க ஊர்ச் சோறு!
மூன்று வாரம் ஜவ்வரிசி ஆலையில்
மாவுப்பால் தெளியும் தொட்டியருகே
நோட்டும் கையுமாய் உட்கார்ந்திருக்கிறாள்.

பழைய அரவை மெஷின் என்ன விலை என்றாள்.
சொன்னேன்.
பேரம் பேசவில்லை.
"அண்ணா, கரண்ட் இல்லாட்டி?"

எதற்கும் வாரண்டி பேசுகிற வாய்
அதற்கு மட்டும் சும்மா இருந்தது.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
காயலான் குவியலில்
சைக்கிள் செயின் தேட ஆரம்பித்தேன்.